ஒரே குழியில் இருபத்து நான்கு குண்டுகள்: 1/72 அளவில் ஒரு ஹெட்ஜ்ஹாக்கை மூன்று முறை செய்த கதை

"தம்பி, இதைச் சுட்டால் இருபத்து நான்கு குண்டும் ஒரே குழியில் அல்லவா விழும்?"

கேட்டவர் மாதிரிக் கப்பல் செய்வதில் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். அன்று காலைதான் கார்வெட் என்ற சிறு போர்க்கப்பலின் முன்பகுதியில், நீர்மூழ்கிகள்மேல் குண்டு வீசும் ஹெட்ஜ்ஹாக்கை ஒட்டி முடித்திருந்தேன். பூதக்கண்ணாடிகூட எடுக்காமல், குனிந்து, கப்பலின் மூக்குப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார். குண்டு ஒவ்வொன்றின் முனையிலும் இருக்கும் சிறு சுழலிவரை செதுக்கி வைத்திருந்தேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"நேராகத்தானே நிற்க வேண்டும், அண்ணா?"

"நேராக நின்றால் அது பென்சில் டப்பா."

மூன்று வார வேலை. இரவே பிடுங்கிவிட்டேன். அந்த ஒரு சாமானை அடுத்து இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது. எங்கே தவறினேன், எதனால் தவறினேன், எது கடைசியில் சரிப்பட்டது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கப்பலும் சாமானும்

கப்பல், இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஃப்ளவர் வகுப்புக் கார்வெட். கிளாடியோலஸ், புளூபெல், மேரிகோல்ட் என்று பூப்பெயர் சூட்டிய போர்க்கப்பல்கள். திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றின் வடிவமைப்பிலிருந்து பிறந்தவை. போர்க்கப்பல் கட்டிப் பழகாத தளங்களும் கட்டக்கூடிய எளிய உடல். நீளம் 62.5 மீட்டர், 1/72 அளவில் 87 சென்டிமீட்டர். மேசையில் நன்றாகவே இடம் பிடிக்கும். இந்த அளவில் தளச் சாமான்கள் ஒளிந்துகொள்ள முடியாது. கையகலச் சாமானிலும் பார்ப்பவர் கண் போய் நிற்கும்.

தொடக்கத்தில் இந்தக் கப்பல்களின் முதன்மை ஆயுதம், பின்புறத்திலிருந்து உருட்டிவிடும் ஆழ்வெடிகுண்டுகள். அதில் ஒரு பெரிய குறை இருந்தது. நீர்மூழ்கியை நெருங்க நெருங்க, அது கப்பலின் ஒலிக்கருவியான சோனாரின் கற்றைக்கு அடியில் நழுவி மறைந்துவிடும். கடைசி நிமிடத்தில் குருட்டாம்போக்கில்தான் குண்டு போட வேண்டும். போட்ட குண்டு பட்டாலும் படாவிட்டாலும் வெடிக்கும். கடல் கலங்கி, கருவிக்குச் சிறிது நேரம் காது கேட்காமல் போகும்.

1942 முதல் கப்பல்களில் ஏறிய ஹெட்ஜ்ஹாக் இதைத் தலைகீழாக்கியது. தொடர்பு அறுமுன்பே, கப்பலுக்கு முன்னால் இருநூறு மீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், இருபத்து நான்கு சிறு குண்டுகளை வீசும். எதன்மீதாவது மோதினால்தான் வெடிக்கும். வெடிச்சத்தம் கேட்கவில்லை என்றால் தப்பிவிட்டது என்று பொருள். கருவி இன்னும் தெளிவாகக் கேட்கும், மறுபடி வரலாம். 1944 மே மாதம் அமெரிக்காவின் இங்கிலாந்து என்ற காவல் கப்பல் பன்னிரண்டு நாளில் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது இந்த ஆயுதத்தால்தான்.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் பலர் இதை முள்ளம்பன்றி என்று எழுதிவிடுகிறார்கள். ஹெட்ஜ்ஹாக் என்பது அதில் பாதிகூட இல்லாத முள்ளெலி. குண்டுகள் போனபின் வெறுமனே நிற்கும் எஃகு முட்களின் வரிசைகளைப் பார்த்து வைத்த பெயர் அது. குழலுக்குள் குண்டைப் போட்டுச் சுடும் மோர்ட்டார் அல்ல இது. இதில் குண்டின் வால்தான் குழல். அதைத் தளத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளின்மேல் செருகுவார்கள். நான்கு தொட்டில்கள், தொட்டிலுக்கு ஆறு முள். இந்தச் சிறு விவரம் பின்னால் என்னைக் காப்பாற்றியது. முதல் முயற்சியில் அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

முதல் முயற்சி

ஒரு குண்டை மிக அழகாகச் செய்துவிட்டால் மற்ற இருபத்து மூன்றும் தானாக வந்துவிடும் என்பதுதான் என் கணக்கு. குண்டின் நீளம் 1/72 அளவில் 16.4 மில்லிமீட்டர், தலையின் விட்டம் 2.5. மேலே பருத்த தலை, கீழே மெல்லிய வால்குழல், அடியில் வளையத்துடன் கூடிய வால். மூல வடிவத்தைப் பித்தளையில் கடைந்து, சிலிக்கான் அச்சு எடுத்து, ரெசினில் வார்த்தேன். முப்பத்தைந்து வார்த்து இருபத்து நான்கு தேறியது. மற்றவை வால் வளையத்தில் காற்றுக்குமிழி பிடித்துப் போயின.

தலைகள் அருமையாக வந்தன என்பதை இப்போதும் சொல்வேன். பிறகு தொட்டிலாக ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்து, ஆறு துளை போட்டு, குண்டுகளை நேராக நட்டு ஒட்டினேன். நான்கு வரிசை, ஆறு ஆறாக, அணிவகுப்பு மைதானத்தில் நிற்கும் சிப்பாய்கள் மாதிரி. அவ்வளவு ஒழுங்கு என்னையே மயக்கிவிட்டது. புகைப்படங்களைப் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். ஆனால் குண்டின் மூக்கைப் பார்த்தேன், தொட்டிலின் பூட்டைப் பார்த்தேன், திருகாணித் தலைகளைக்கூட எண்ணினேன். குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் தெரிந்த வானத்தைப் பார்க்கவில்லை.

கணக்கு

அண்ணன் போனபிறகு காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். குண்டுகள் விழும் வட்டம் சுமார் 30 முதல் 40 மீட்டர் அகலம். தூரம் 230 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்குப் போகும் குண்டு 15 முதல் 20 மீட்டர் விலக வேண்டும். அதற்குத் தேவையான பக்கச் சாய்வு ஏறக்குறைய 4 முதல் 5 டிகிரி.

ஐந்து டிகிரி என்ன பெரிய சாய்வு, யார் கண்ணில் படும் என்றுதான் முதலில் நினைத்தேன். 16.4 மில்லிமீட்டர் குண்டின் உச்சியில் அது எவ்வளவாகும் என்று போட்டுப் பார்த்தபோது 1.1 முதல் 1.4 மில்லிமீட்டர் என்று வந்தது. குண்டின் விட்டமே 2.5தான். அதாவது ஓரக் குண்டின் மூக்கு, நேராக நிற்கவேண்டிய இடத்திலிருந்து தன் உடம்பில் பாதி அளவு வெளியே போய் நிற்க வேண்டும். இடது ஓரமும் வலது ஓரமும் சேர்ந்தால் மேல் வரிசை ஒரு குண்டு அகலத்துக்கு விரிந்துவிடும். அண்ணனுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படாததில் வியப்பில்லை.

எல்லாம் ஒரே அளவில் விரிவதும் இல்லை. ஓரத் தொட்டில்களில் உள்ளவை பக்கவாட்டில் அதிகம் சாயும். நடுத் தொட்டில்களில் உள்ளவை பெரும்பாலும் முன்பின் சாய்வில், அதாவது வட்டத்தின் கிட்ட விளிம்பில் விழுவதா எட்ட விளிம்பில் விழுவதா என்பதில்தான் வேறுபடும். ஆக இருபத்து நான்கு முட்களும் தத்தமக்குரிய திசையில் நிற்கின்றன. சீப்பைப் போலப் பாராமல் பூங்கொத்தைப் போலப் பார்க்க வேண்டிய பொருள் இது.

பக்கவாட்டுப் படங்களில் இது தெரியாது. குண்டுகள் ஒன்றையொன்று மறைக்கும். முன்னாலிருந்து எடுத்த படங்களில் பளிச்சென்று தெரிகிறது. ஹாலிஃபாக்ஸில் அருங்காட்சியகமாக நிற்கும் சாக்வில், இந்த வகுப்பில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே கப்பல். அதைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நின்றே படம் எடுக்கிறார்கள். நானும் அப்படிப்பட்ட படங்களைத்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

இரண்டாம் முயற்சி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைப்பட ஒன்றும் இல்லை. சாய்வுகளைக் கணினியில் வரைந்து, முழுத் தொகுதியையும் ஒரே துண்டாக ரெசின் முப்பரிமாண அச்சில் எடுத்தேன். சாய்வுகள் துல்லியமாக இருந்தன. மற்றதெல்லாம் கெட்டது. சாய்ந்த பரப்பில் ஏணிப்படிக் கோடுகள். அவற்றைத் தேய்க்கக் குண்டுகளுக்கு நடுவே உப்புத்தாள் நுழையாது. தாங்குகால்களை வெட்டிய இடமெல்லாம் தழும்பு. வால் வளையம் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிதைந்தது, 0.3 என்பது நிஜத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தகடு. வெறும் முட்களையும் சிலவற்றில் காட்ட நினைத்திருந்தேன். தாங்குகாலிலிருந்து பிரிக்கும்போதே அவை ஒவ்வொன்றாக ஒடிந்தன.

அச்சு இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. தனித்தனியாகச் செய்து கோக்க வேண்டியதை ஒரே துண்டாகக் கேட்டது என் தவறு.

மூன்றாம் முயற்சி: முள் முதலில்

நிஜக் கப்பலில் சாய்வு குண்டில் இல்லை, முள்ளில் இருக்கிறது. குண்டு வெறுமனே முள்ளின்மேல் செருகி நிற்கிறது. அப்படியானால் மாதிரியிலும் முள்ளைச் சரியாக நட்டுவிட்டால் குண்டின் சாய்வைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று கேட்டால் பதில் இல்லை.

முள்ளுக்கு 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. வால்குழலுக்கு ஊசிக்குழாய், 20 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.9, உள்விட்டம் 0.6. கம்பி அதில் ஆட்டமில்லாமல் நுழைகிறது. ஊசியைக் குறடால் வெட்டக் கூடாது, வாய் நசுங்கிவிடும். மெல்லிய அறுப்புத் தட்டால் அறுத்து, வாயை அரத்தால் ஒற்றியெடுக்க வேண்டும். குண்டுத் தலைக்கு முதல் முயற்சியின் ரெசின் தலைகளே. கழுத்தில் அறுத்து, அடியில் துளையிட்டு, ஊசிக்குழாயை ஒட்டினேன். மூன்று வார வேலை முழுவதும் குப்பைக்குப் போகவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

இனி முக்கியமான கேள்வி: ஒவ்வொரு கம்பியையும் அதற்குரிய சாய்வில் நிறுத்துவது எப்படி? சாய்வாகத் துளையிடலாம் என்று தோன்றும். முயன்றேன். தொட்டிலில் ஒவ்வொரு முள்ளுக்கும் அடியில் முன்னோக்கிச் சாய்ந்த ஒரு சிறு பித்தளைப் பட்டை வைத்திருந்தேன், தடிப்பு 1 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் ஆழத் துளையில் டிரில் நுனி 0.1 மில்லிமீட்டர் வழுக்கினால் போதும், கிட்டத்தட்ட 6 டிகிரி பிழை வந்துவிடும். எனக்கு வேண்டிய சாய்வே 5 டிகிரிதான். அதாவது பிழை, வேண்டிய அளவைவிடப் பெரியது. மூன்று தொட்டில்கள் இப்படிப் பாழாயின.

வழி இதற்கு நேர் எதிரில் இருந்தது. துளையை வழிகாட்டியாக நம்பாமல், கம்பியை நீளமாக விட்டு, அதன் மறுமுனையைத் தொலைவில் பிடித்துக்கொள்வது. இரண்டு அலுமினியத் தட்டுகள் எடுத்தேன். நான்கு மூலைகளில் தூண் வைத்து, 50 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினேன். கீழ்த்தட்டில் முட்கள் நிற்கவேண்டிய இடங்களில் துளை. மேல்தட்டில், அதே துளைகள் தத்தமக்குரிய திசையில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் விலகி. கம்பி இரண்டையும் ஊடுருவிப் போனால் அதன் சாய்வு தானாகத் தீர்மானமாகிவிடும். 50 மில்லிமீட்டர் தொலைவில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் சாய்வில் வரும் பிழை 0.1 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதே கை, அதே டிரில், அதே நடுக்கம். பிழை மட்டும் ஐம்பதில் ஒரு பங்காகிவிட்டது.

பட்டையில் உள்ள துளையை நேராக, 0.6 மில்லிமீட்டர் அளவில் சற்று அகலமாகவே போட்டேன். 0.5 கம்பி அதற்குள் 5 டிகிரிவரை சாயலாம். மீதி இடைவெளியை, உருக்கி ஒட்டும் உலோகமான பற்றாசு நிரப்பிக்கொள்ளும். முன்சாய்வைப் பட்டை தருகிறது, விரிவை ஜிக், அதாவது அந்த இரட்டைத் தட்டுச் சட்டம், தருகிறது. ஒரே இடத்தில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை.

தட்டுக்கு அலுமினியம் எடுத்ததற்கும் காரணம் உண்டு. முதலில் கடின மரத்தில் செய்தேன். இரண்டாவது தொட்டிலிலேயே துளைகளின் வாய் கருகி அகன்றுவிட்டது. அலுமினியம் கருகாது, சாதாரணப் பற்றாசும் அதில் ஒட்டாது. சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது என்பது மட்டும் தொல்லை. அதனால் தொட்டிலைக் கீழ்த்தட்டின்மேல் நேரே வைக்காமல், நடுவில் மெல்லிய மைக்கா துண்டு ஒன்றைச் செருகினேன்.

சூட்டின் வரிசையும் முக்கியம். சாய்ந்த பட்டைகளைத் தொட்டிலோடு வெள்ளிப் பற்றாசால் இணைத்தேன். அது உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். முட்களுக்குச் சாதாரண ஈயப் பற்றாசு, இருநூறு டிகிரிக்குக் கீழேயே உருகும். இரண்டாவது சூட்டில் முதல் இணைப்பு அசையாது. வரிசையை மாற்றிச் செய்தால் முள்ளைப் பிடிக்கப் போய்ப் பட்டையை இழக்க நேரும். ஆறு கம்பிகளும் ஜிக்கில் நிற்கும்போதே, பசையாக வரும் பற்றாசை ஊசி நுனியால் ஒவ்வொரு துளை வாயிலும் ஒரு கடுகளவு வைத்து, தொட்டிலை ஒரே தடவையில் சூடாக்கினேன். சாம்பல் நிறப் பசை ஒரு கணம் நுரைத்து, சட்டென்று வெள்ளியாக மின்னிக் கம்பியைச் சுற்றி இறங்கும். அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு நொடி என்று ஆசைப்பட்டால் பற்றாசு கம்பியின்மேல் ஏறி முள் பருத்துவிடும். பிறகு குண்டு செருகாது.

ஆறியபின் மேல்தட்டைக் கழற்றி, கம்பிகளை அளவுக்கு அறுத்தேன். வெட்டுமுன் ஒரு முறை முன்னாலிருந்து பார்த்தேன். நீளக் கம்பிகள் விசிறியாக விரிந்து நின்றன. அவ்வளவு நீளமாகவே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு சபலம்.

வால் வளையங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2.5 மில்லிமீட்டர் பித்தளைக் குழாயை மரக் குச்சியில் ஏற்றி, டிரில்லில் சுழலவிட்டு, சுவர் 0.15 மில்லிமீட்டர் ஆகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, துண்டு துண்டாக அறுத்தேன். நிஜத்தில் அது 11 மில்லிமீட்டர் தகடு. இன்னும் தடிப்புதான். அதற்குக் கீழே போனால் விரலிலேயே நசுங்குகிறது, அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

பெயின்ட் போடாத இடம்

இந்த அளவில் பெயின்டும் ஒரு பொருள்தான் என்பதை மறந்துவிடுகிறோம். பிரைமரும் நிறமும் சேர்ந்து 0.03 மில்லிமீட்டர் என்று வைத்தாலும், 0.5 கம்பியின் இரு பக்கமும் சேர்த்து 0.06. முள் எட்டில் ஒரு பங்கு பருத்துவிடும். 0.6 குழாய்க்குள் பிறகு திணறித்தான் நுழையும், நுழையும்போது பெயின்டை வழித்துக்கொண்டு வரும். ஆகவே முட்களுக்குப் பெயின்டே இல்லை. பித்தளையைக் கறுப்பாக்கும் இரசாயனத்தில் முக்கி, மென்மையான துணியால் துடைத்தேன். எண்ணெய் தடவிய எஃகின் மங்கிய மினுமினுப்பு அதுவாகவே வந்தது. தொட்டில்களுக்கும் குண்டுகளுக்கும் ஸ்ப்ரே, மிக மெல்லியதாக இரண்டு பூச்சு. முட்களை அதற்குமுன் ஊசிக்குழாய்த் துண்டுகளால் மூடிவைத்தேன். அவை கச்சிதமான உறைகள்.

இருபத்து நான்கையும் நிரப்பவில்லை. இரண்டு தொட்டில்களில் குண்டுகள், இரண்டில் வெறும் முட்கள்; மறுபடி நிரப்பிக்கொண்டிருக்கும் நேரம். அத்தனை பாடுபட்டு நட்ட முட்களைக் குண்டுகளால் மூடிவிட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. வரலாற்றுக் காரணம் கேட்பவர்களுக்கு, பெயர் வந்ததே அந்த முட்களால்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

குண்டுகளை ஒட்டவும் இல்லை. செருகியதோடு சரி. ஒவ்வொன்றும் தன் முள் காட்டிய திசையில் போய் நின்றது.

மூன்றாம் முயற்சிக்கு மட்டும் ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஆனது. அதில் பாதி ஜிக்குக்கு. குண்டுக்கும் முள்ளுக்கும் ஆனது மீதிதான். முதல் முயற்சியில் ஜிக்குக்கு நான் செலவிட்டது பூஜ்யம். இன்னும் ஒரு குறை இருக்கிறது: கப்பல் உருளும்போது தொட்டில்களைப் பக்கவாட்டில் சாய்த்துச் சரிசெய்யும் இணைப்புத் தண்டுகளில் வெளியே தெரிகிறவற்றை மட்டுமே செய்தேன். தொட்டில்களுக்கு அடியில் ஒன்றும் இல்லை. தலைகீழாகப் பார்த்தால் வெறுமை.

அண்ணன் மறுபடி வந்தார். இந்த முறையும் குனிந்து, மூக்குப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு குண்டை விரல் நுனியால் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி செருகினார்.

"இப்போது வட்டமாக விழும்" என்றார்.

நிமிர்ந்தவர் அப்படியே போயிருக்கலாம். கப்பலின் நடுப்பகுதியில் வரிசையாக நிற்கும் காற்றுவாய்களிடம் அவர் கண் போய் நின்றது. பாம்பு வாயைத் திறந்ததுபோல் வளைந்த அந்தக் குழாய்களைத்தான் கப்பலிலேயே முதலில் செய்து முடித்திருந்தேன்.

"தம்பி, இந்தக் காற்றுவாயின் உதடு என்ன தடிப்பு?"

காலிப்பரை எடுத்து அளந்தேன். 0.8 மில்லிமீட்டர். எழுபத்திரண்டால் பெருக்கினேன். கிட்டத்தட்ட 58 மில்லிமீட்டர்; மெல்லிய தகட்டில் அடித்த காற்றுவாய்க்குக் கவசக் கப்பலின் உதடு. மொத்தம் பதினொன்று இருக்கின்றன. நாளைக்கு ஒன்றை அறுத்துப் பார்க்கப் போகிறேன்.